ஆறுவழிச்சாலையில் துஞ்சின தேவர்

இன்னாடா பேராண்டி இது, ரோடு ட்ரிப்பு லிஸ்டா, கல்யாணத்துக்கு எழுதுன மளிகை லிஸ்டா? மகேந்திரவாடி, சோளிங்கர், ஆற்காடு, வேலூர் கோட்டை, அமிர்தி, ஆம்பூர் பிரியாணி, ஏலகிரி, ஜலகாம்பாறை, காவலூர். ரெண்டு நாள்ல ஒம்போது எடம். ரெண்டு சோத்துக்கு நடுவுல ஒரு ராஜா, ரெண்டு ராஜாவுக்கு நடுவுல ஒரு அருவி. பேஷ். விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கெளம்பறோம்னு ராத்திரி சொன்னீங்க. இப்ப மணி ஒம்போதரை. இன்னும் பல்லு வெளக்காத ஆளு ஒருத்தன் கீறான், பேரைச் சொல்லல.

குந்துங்கப்பா எல்லாரும், திண்ணை சுத்தமாத்தான் கீது. கண்ணாடி போட்ட தம்பி, அந்தப் பறக்கற மெஷினைக் கொஞ்சம் கீழ வை, கூடையில கீற சேவல் மெரளுது. நீ வாம்மா, இப்படிக் காத்துக்குக் குந்து. மோரு இருக்குது, உப்புப் போட்டுத்தான் கீது.

ஒண்ணு கேக்கறேன். இந்த லிஸ்டுல காவேரிப்பாக்கம் எங்கடா? மெட்ராஸ்லேர்ந்து நூறு கிலோமீட்டர் வந்து, தாத்தன் வூட்டுல ராத்திரி படுத்து, நாஷ்டா தின்னு, கடைசியில ஊரு பேரே லிஸ்டுல இல்ல. கோச்சுக்கல. இந்த ஊருக்கு இது பழக்கம். பெங்களூர் ரோட்டுல போறவன் எவனும் இங்க நிக்கறதில்ல. கடைசியா நின்ன பெரிய மனுஷன் ராபர்ட் கிளைவ். அவனும் ஆசப்பட்டு நிக்கல, சுட்டாங்கன்னு நின்னான்.

சிரிக்காத, நெசம். 1752 பிப்ரவரி மாசம். படையோட ஆற்காட்டைப் பாத்து வந்துகினு இருந்தான். பொழுது சாயற நேரம். ராசா சாயபு ஆளுங்களும் பிரெஞ்சுக்காரங்களும் ரோட்டோரம் ஒரு மாந்தோப்புல ஒம்போது பீரங்கிய ஒளிச்சு வெச்சிக்கினு காத்துகினு இருந்தாங்க. கிட்ட வந்தான், போட்டாங்க. வெள்ளைக்காரப் படை வாய்க்காலு பள்ளத்துல எறங்கிப் படுத்துக்கிச்சு. நெலா வெளிச்சத்துல மணிக்கணக்கா சண்டை. அப்பால கிளைவு ஒரு ஆளை அனுப்பித் தோப்பைச் சுத்திப் பாத்துட்டு வரச் சொன்னான். அந்த ஆளுக்குப் பிரெஞ்சு தெரியும். வழியில மடக்குன காவக்காரன்கிட்ட அவன் பாஷையிலயே பேசிட்டுப் பூட்டான். போய்ப் பாத்தா, தோப்புக்குப் பின்பக்கம் காவலே இல்ல. அவ்ளோதான். பீரங்கி அத்தனையும் முன்னால பாத்துகினு கீது, ஆளுங்க பின்னாலேர்ந்து பூந்துட்டாங்க. வெள்ளைக்காரன் இந்த நாட்டைப் புடிச்சதே காவேரிப்பாக்கத்துல ஒரு தோப்புக்குப் படலு சாத்தாததாலதான்னு நான் சொல்லுவேன். வாத்தியாருங்க ஒத்துக்க மாட்டாங்க. அவுங்களுக்குத் தோப்பும் கெடையாது, படலும் கெடையாது.

சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. பெரியவன் சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க.

மொதல்ல ரோடு. இந்த ரோட்டை ஆறு வழியாக்கறோம்னு தோண்டிப் போட்டு எத்தினி வருஷம் ஆச்சுன்னு எனக்குக் கணக்கு வுட்டுப் போச்சு. 2020 டிசம்பர்ல ஐகோர்ட்டே பாத்துட்டு, ரோடு இருக்கற லட்சணத்துக்கு மதுரவாயல்லேர்ந்து வாலாஜா வரைக்கும் பாதிச் சுங்கம் வாங்குனா போதும்னு சொல்லிச்சு. பாதி ரோட்டுக்குப் பாதிக் காசு. நல்ல நாயம். பள்ளத்துல வுழுந்து எழுந்தவனுக்குத் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லியிருந்தா நான் கோர்ட்டுக்கே மாலை போட்டிருப்பேன்.

அப்பறம் அந்தக் கார் கூரையில ஓட்டை வெச்சிருக்கியே, என்னமோ பேரு சொன்னே, சன்ரூஃப். அதுல தலைய நீட்டாத. ஏன் சொல்றேன்னு கேளு. அதோ அரக்கோணம் பக்கம் தக்கோலம். 949ஆம் வருஷம் அங்க பெரிய யுத்தம். இந்தாண்ட சோழ ராஜகுமாரன் ராஜாதித்தன், அந்தாண்ட ராஷ்டிரகூட ராஜா மூணாம் கிருஷ்ணன், அவனுக்குத் தொணையா கங்க ராஜா பூதுகன். ராஜாதித்தன் ஆனை மேல ஏறி கம்பீரமா நின்னான். பூதுகன் கையால ஆனை மேலயே செத்தான். கல்வெட்டுல செத்தான்னு எழுதுவாங்களா? ராஜா இல்லியா. ஆனைமேல் துஞ்சின தேவர்னு மரியாதையா எழுதினாங்க. துஞ்சறதுன்னா தூங்கறது.

இப்ப இன்னொண்ணு. 1749ல ஆம்பூர்ல ஒரு சண்டை. நவாப் அன்வருதீன் கான், வயசான மனுஷன், ஆனை மேல ஏறி நின்னாரு. சந்தா சாயபு பக்கத்து ஆளு சுட்டான், அவரும் ஆனை மேலயே போய்ச் சேந்தாரு. 949, 1749. கழிச்சுப் பாரு, சரியா 800 வருஷம். தக்கோலத்துலேர்ந்து ஆம்பூர் வரைக்கும் ஒரே பாடம்தான்: இந்தச் சீமையில ஒசரத்துல ஏறி நின்னு தலைய நீட்டுனவனை வுட்டு வெச்சதில்ல. நீ சன்ரூஃப்ல கைய விரிச்சு நின்னுகினு வீடியோ எடுத்தேன்னா, நாளைக்கு உன் பேருக்கு முன்னால 'ஆறுவழிச்சாலையில் துஞ்சின தேவர்'னு கல்லு நடணும். கல்லு வெல இப்ப ஜாஸ்தி.

துஞ்சினதுன்னதும் ஞாபகம் வருது. உன் லிஸ்டுல மேல்பாடி இல்ல. அது எப்படிடா இல்லாம போச்சு? பொன்னையாத்துக் கரையில கீது. ஆற்றூர்த் துஞ்சின தேவர்னு இன்னொரு ராஜா, அரிஞ்சய சோழன், ராஜாதித்தனோட தம்பி. அவருக்கு அங்க பள்ளிப்படைக் கோயிலு. யாரு கட்டுனது? ராஜராஜ சோழன். ராஜராஜனுக்கு அரிஞ்சயன் இன்னா மொறை? தாத்தன். தஞ்சாவூர்ல அவ்ளோ பெரிய கோயில் கட்டுன ராஜா, இத்தினி தூரம் வடக்க வந்து, தாத்தனை மறக்காம ஒரு கோயில் எழுப்பிகீறான். நான் யாரையும் குத்திக்காட்டல. பேரப்புள்ளைங்க எப்படி இருந்தாங்கன்னு சரித்திரம் சொல்றேன், அவ்ளோதான். லிஸ்டுல எழுதிக்கோ: மேல்பாடி.

மகேந்திரவாடி நல்ல எடம், போங்க. கிட்டத்துலதான், அரை மணி நேரம். வயக்காட்டுப் பக்கம் ஆனை படுத்த மாதிரி தனியா ஒரு பாறை. அதைக் கொடஞ்சே பெருமாளுக்குக் கோயில் பண்ணான் மகேந்திரவர்மப் பல்லவன், ஏழாம் நூற்றாண்டுல. செங்கல் இல்ல, சுண்ணாம்பு இல்ல, மரம் இல்ல. தூணுல கல்வெட்டு ஒண்ணு வெட்டி வெச்சிகீறான். கோயில் பேரு மகேந்திர விஷ்ணு கிருகம். ஊரு பேரு மகேந்திரபுரம். பக்கத்து ஏரி பேரு மகேந்திர தடாகம். குடிதண்ணி டேங்குல பேரு எழுதிக்கறாங்கன்னு இப்ப இருக்கறவங்களைத் திட்டறோம். பரம்பரைய யாரும் பாக்கறதில்ல.

ஆனா அந்த ராஜாவை எனக்குப் புடிக்கும். நையாண்டிக்காரன். மத்தவிலாசம்னு ஒரு நாடகம் எழுதினான். காஞ்சிபுரத்துத் தெருவுல ஒரு கபாலி, நல்லா குடிச்சுட்டுத் தன் பிச்சையோட்டைத் தொலைச்சுப்புட்டு, எதுத்தாப்ல வந்த புத்த பிட்சுவைப் புடிச்சு நீதான் எடுத்தேன்னு ஒரே ரகளை. கடைசியில பாத்தா நாய் தூக்கினு பூட்டிருக்கு. நேத்து ராத்திரி செல்லைக் காணோம்னு நாலு பேரும் மாத்தி மாத்திச் சண்டை போட்டீங்களே, நான் கயித்துக்கட்டில்ல படுத்துகினு கேட்டுகினுதான் இருந்தேன். அது உன் தலகாணிக்குக் கீழ இருந்துச்சு. 1,400 வருஷத்துல கதையில நாயி மட்டும்தான் கொறைஞ்சிகீது.

தம்பி, அங்க அந்த மெஷினைப் பறக்க வுட்றாத. தொல்லியல் துறை எடம், அனுமதி இல்லாம பறக்க வுட்டா காவக்காரர் வந்து கேப்பாரு. அதுவுமில்லாம அந்தக் கோயிலை மேலேர்ந்து பாத்தா வெறும் பாறைதான் தெரியும். குனிஞ்சு உள்ள பூந்தாத்தான் கோயிலு.

சோளிங்கர்ல யோக நரசிம்மர் பெரிய மலையில கீறாரு, 1,305 படி. நாங்க ஏறுனோம். உங்களுக்காக 2024ல ரோப் கார் வுட்டுட்டாங்க. படியில போனா கொரங்கு உங்க பையைப் பாக்கும், ரோப் கார்ல போனா நீங்க கொரங்கைப் பாக்கலாம். அங்கேர்ந்து பொன்னை வழியா எறங்குனா நேரா மேல்பாடிதான். பக்கத்துலயே வள்ளிமலை. சமணங்க பாறையில செதுக்குன தீர்த்தங்கரருங்களும் முருகனும் ஒரே மலையில சண்டை இல்லாம கீறாங்க. மேல்பாடியில எறங்காம வள்ளிமலைக்குப் போனா பலன் இல்லன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எந்தப் பெரியவங்கன்னு கேக்காத. நானும் பெரியவன்தான்.

ஆற்காட்டுல இன்னா பாப்பீங்க? பாலாத்தங்கரையில டில்லி கேட்டுன்னு ஒரு வாசல் நிக்குது. கோட்டை பூடுச்சு, வாசல் மட்டும் கீது. மக்கன் பேடா வாங்கிக்குங்க, பாகு சொட்டும், சீட்டுல வெக்காதீங்க. எதிர்க்கரை ராணிப்பேட்டை. செஞ்சி தேசிங்கு ராஜா செத்ததும் அவன் பொண்டாட்டி உடன்கட்டை ஏறுனா. அவளுக்காக ஆற்காட்டு நவாப் வெச்ச பேரு அதுன்னு சொல்லுவாங்க. புருஷனைக் கொன்னவனே பொண்டாட்டி பேருல ஊரு வெச்சான். அரசியல்னா அதுதாம்மா.

ஆனா ஆற்காட்டுல எனக்குப் பெரிய கதை கஞ்சிக் கதை. 1751ல கிளைவு ஆற்காட்டுக் கோட்டைய புடிச்சு உள்ள குந்திக்கினான், வெளிய ராசா சாயபு படை. அம்பது நாள் முற்றுகை. உள்ள அரிசி தீந்துகினு வருது. அப்ப நம்ம சிப்பாய்ங்க போய், சோத்தை வெள்ளைக்காரங்களுக்குக் குடுத்துடுங்க, வடிச்ச கஞ்சித்தண்ணி எங்களுக்குப் போதும்னு சொன்னாங்களாம். மெக்காலே துரை மெச்சி மெச்சி எழுதி வெச்சிகீறாரு. அது நடந்துச்சோ இல்லியோ, அவுங்களுக்கு அந்தக் கதை ரொம்ப இனிச்சிருக்கு. நல்லா ஞாபகம் வெச்சிக்கோ இதை. சோறு அங்க, தண்ணி இங்க. ஆம்பூர் போனப்பறம் மறுபடியும் கேப்பேன்.

வேலூருக்கு ஒரு பழமொழி உண்டு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயிலுன்னு அடுக்கிகினே போவாங்க. அதுல சாமி இல்லாத கோயிலு இப்பப் பொய்யாயிடுச்சு. கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலு பல வருஷம் மூலவர் இல்லாம கெடந்துச்சு. 1981ல சத்துவாச்சாரியிலேர்ந்து லிங்கத்தைக் கொண்டாந்து வெச்சிட்டாங்க. ராஜா இல்லாத கோட்டைங்கறதும் முழு நெசம் இல்ல. ராஜாவுங்க வந்தாங்க, கைதியா. திப்பு சுல்தான் புள்ளைங்க இங்கதான் காவல்ல இருந்தாங்க. இலங்கையில கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அவரும் இங்கதான் இருந்து 1832ல செத்தாரு. பாலாத்துப் பக்கம் முத்து மண்டபம்னு கீது பாரு, அவருதுதான். ஊட்டி கொடைக்கானலு எல்லாம் ஜாலியா இருக்கறதுக்கு. அடக்கி வெக்கறதுன்னா வேலூரு. வெயிலே பாதிக் காவலு பாத்துக்கும்.

1806 ஜூலை 10 தெரியுமா? தெரியும்னு தலையாட்டற, இன்னா காரணம்னு சொல்லு பாக்கலாம். பொட்டு வெக்கக் கூடாது, தாடி வெக்கக் கூடாது, புதுசா ஒரு தலைப்பாகைய மாட்டணும்னாங்க. அந்தத் தலைப்பாகையில குஞ்சம் மாதிரி ஒண்ணு வெச்சாங்க, தோலுல. இந்துவுக்கும் ஆவாது, துலுக்கருக்கும் ஆவாது. எந்த மாட்டுத் தோலோ, எந்தப் பன்னித் தோலோ. மீரட்டுல தோட்டாவுல தடவுன கொழுப்புக்கு 1857ல சண்டை வந்துச்சே, அதுக்கு 51 வருஷம் முன்னாடி வேலூர்ல தோலுக்குச் சண்டை வந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா கோட்டைய புடிச்சாங்க நம்ம சிப்பாய்ங்க. வுடிஞ்சதும் ஆற்காட்டுலேர்ந்து குதிரைப் படை வந்து எல்லாத்தையும் முடிச்சுது. கைக்குட்டை அகலத் தோலு. இன்னிக்கு அதே வேலூரு, ராணிப்பேட்டை, ஆம்பூரு, வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் தோலுலதான் சோறு திங்குது. சரித்திரத்துக்கு எங்களைவிட நையாண்டி தெரியும்.

ஆம்பூருக்கு வந்துட்டமா? எறங்குனதும் மூக்கு ரெண்டு வாசனை புடிக்கும். ஒண்ணு சீரகச் சம்பா தம்முல வெந்த வாசனை. ஹைவேஸ் ஓரம் எல்லாக் கடையும் நாங்கதான் அசலுன்னு போர்டு வெச்சிகீறான். போர்டு சின்னதா இருக்கற கடைக்குப் போ. பகலுக்குள்ள டேக்சா காலியாயிட்டா ஷட்டரை எறக்கிடுவான், அதுதான் அசலு. கத்திரிக்காயைத் தள்ளி வெக்காத, அது இல்லாம ஆம்பூர் பிரியாணி இல்ல.

இன்னொரு வாசனை தோல் ஷாப்பு. மூக்கைப் பொத்தாதம்மா, கேளு. பச்சைத் தோலு உப்புப் போட்டு வரும். ஊற வெச்சு, சுண்ணாம்புத் தொட்டியில போட்டு மயிரெடுத்து, ஒட்டிகினு கீற சதைய வழிச்சு, அப்பால ஆவாரம் பட்டைத் தண்ணியில வாரக்கணக்குல போடுவாங்க. எங்க காலத்துல இந்தப் பக்கம் மலையில ஆவாரம் பட்டை உரிச்சுச் சுமந்து வந்து வித்தவங்க எத்தினி பேரு. அப்பறம் குரோமியம் வந்துச்சு. வாரக்கணக்கு நாள் கணக்காயிடுச்சு, தோலு நீலமா வெளிய வரும். வேலை சீக்கிரம் முடிஞ்சுது. தொட்டித் தண்ணி எங்க போச்சு? பள்ளத்தைப் பாத்துத்தான் போவும். பள்ளம் எது? பாலாறு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம்னு நம்ம சனங்க போட்ட கேசுல சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டுல தீர்ப்பு சொல்லிச்சு. ஒரு கிலோ தோலு பதப்படுத்த 35 லிட்டர் தண்ணி செலவாவுதுன்னு அதுலயே எழுதிகீது. தோலு பதனிடற பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் நெலம், பாதியாவோ முழுசாவோ வெள்ளாமைக்கு ஒதவாமப் போச்சுன்னும் எழுதிகீது. அழுக்கு பண்ணவன்தான் அதுக்குக் காசு கட்டணும்னு சொல்லி, தோல் ஷாப்பு ஒண்ணுக்கு 10,000 ரூபா அபராதம் போட்டாங்க. நாடு முழுக்க வக்கீலுக்குப் படிக்கற புள்ளைங்க அந்தக் கேசை மனப்பாடம் பண்றாங்க. காஷ்மீர்க்காரன்கூட பரீச்சையில எங்க ஊரு பேரை எழுதறான். பெருமையா இல்ல? கெணத்துத் தண்ணியில பருப்பு வேகறதில்ல, அது வேற கதை.

ஆனா தோல் ஷாப்பைச் சும்மா திட்டிட்டுப் போறதும் நாயம் இல்ல. விடியக்காலம் அந்த ரோட்டுல ஷூ கம்பெனி பஸ்ஸுங்க வரிசையாப் போவும். உள்ள முழுக்கப் பொண்ணுங்க, தலையில பூவு, மடியில டிபன் பாக்ஸு. ஆம்பள குடிச்சு அழிச்ச குடும்பம் எத்தினியோ அந்தச் சம்பளத்துல நிக்குது. உங்க சித்தியோட நாத்தனா பதினெட்டு வருஷமா மேல்தோலு தைக்கறா. அவ தெச்ச ஷூ ஜெர்மனி போவுது, இத்தாலி போவுதுன்னு சொல்லுவா. அவ கால்ல ரப்பர் செருப்பு. உன் கால்ல என்னமோ வெளிநாட்டுப் பேரு போட்டுக் கீதே, எட்டாயிரம் குடுத்தியா? ஒருவேளை ஆம்பூர்ல பொறந்து கப்பல் ஏறிப் போய்ட்டுப் பட்டணம் பாத்துட்டுத் திரும்பி வந்த ஷூவா கூட இருக்கும். இப்ப சொல்லு, அந்தக் கஞ்சிக் கதை. சோறு எங்க போச்சு, தண்ணி எங்க நிக்குது?

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் புலவருங்க, வள்ளலுங்க பேரு வெச்சிகீறாங்க. எந்த வள்ளல்கிட்டத் திரும்பறப்ப வாந்தி வந்துச்சுன்னு மட்டும் குறிச்சு வெச்சிக்குங்க. காவலூருக்குப் போனா ராத்திரி ஹெட்லைட்டை அணைங்க. அங்க 93 அங்குலத் தொலைநோக்கி வெச்சிகீறாங்க. வானம் இருட்டா இருக்குதேன்னு தேடிப் புடிச்ச மலை அது. 1988ல அங்கேர்ந்து ஒரு சிறுகோளைக் கண்டுபுடிச்சு, ஈரோட்டுல பொறந்த கணக்கு மேதை ராமானுஜன் பேரு வெச்சாங்க. இவ்ளோ தூரத்துல கீறதைப் பாத்துட்டாங்க, எதுத்தாப்ல கீற தாத்தனைத்தான் லிஸ்டுல காணோம்.

இப்ப அருவி. இது இன்னா மாசம்? சித்திரை. வெளிய பாரு, கத்திரி வெயிலு, காக்கா கூட நெழலு தேடுது. இந்த மாசத்துல அமிர்தியில அருவி, ஜலகாம்பாறையில அருவி! உனக்குப் படம் காட்டுனவன் கார்த்திகையில எடுத்த படத்தைக் காட்டிகீறான். ஜவ்வாது மலை, ஏலகிரி எல்லாம் கருங்கல் மலை, பனி உருகி வர்ற இமயமலை இல்ல. மழை பேஞ்சா ரெண்டு மூணு மாசம் தண்ணி வுழும், அப்பால நின்னுடும். ஜலகாம்பாறைன்னு பேரு வெச்சவன் புத்திசாலி. மழைக்காலத்துல போனா ஜலம், சித்திரையில போனா பாறை. ரெண்டும் பேருலயே கீது, ஏமாத்திட்டாங்கன்னு கேஸு போட முடியாது. அதே ஜவ்வாது மலையிலேர்ந்து வர்ற நாகநதிக்கு, நூறு நாள் வேலையில நம்ம பொம்பளைங்க ஆத்துக்குள்ள மழைத்தண்ணி எறங்கற கெணறு வெட்டுனாங்க. அதைப் போய்ப் பாருங்க. ஆனா அதுல குதிச்சு ரீல்ஸ் எடுக்க முடியாது, அதனாலதான் லிஸ்டுல இல்ல போல.

அப்ப தண்ணி எங்கதான் கீது தாத்தான்னு கேக்கற பாரு, நீ கேட்டதுதாம்மா கேள்வி. இந்த நாலு பேர்ல உனக்குத்தான் மூளை. எழுந்திரி, இந்தத் தெரு முனைக்கு வா. அதோ ஒசரமா கரை தெரியுது பாரு, பனை மரம் வரிசையா. மலையில்ல அது. ஏரிக்கரை.

பல்லவ ராஜா மூணாம் நந்திவர்மன் வெட்டுனதுன்னு சொல்லுவாங்க. அவன் பட்டப் பேரு அவனிநாராயணன். பழைய கல்வெட்டுல இந்த ஊருக்கு அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம்னு பேரு. பக்கத்துத் திருப்பாற்கடல்ல பெருமாளு சிவலிங்கத்து ஆவுடையார் மேலயே நிக்கறாரு, அங்க போனீங்கன்னா கல்வெட்டும் பாக்கலாம். அந்த நந்திவர்மன் மேல நந்திக் கலம்பகம் பாடுனாங்க. அந்தப் பாட்டைக் கேட்டுக்கினே செத்தான்னு ஒரு கதை உண்டு. பாட்டு கேட்டுச் செத்ததை நாடே பேசுது. ஏரி வெட்டுனதுக்கு யாரும் பாட்டு கட்டுன மாதிரி நான் கேட்டதில்ல.

நெறைஞ்சா ஒன்றரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம்தான் கொறைவு. ஆறாயிரம் ஏக்கருக்கு மேல பாயும். பாலாத்துலேர்ந்து தண்ணி வரணும். வாலாஜா பக்கத்துல 1858ல கட்டுன அணைக்கட்டு கீது, அங்கேர்ந்து நமக்கு ஒரு கால்வாய், மகேந்திரவாடிக்கு ஒரு கால்வாய். மகேந்திரவர்மன் செத்து கிட்டத்தட்ட 1,400 வருஷம் கழிச்சும் அவன் ஏரிக்குத் தண்ணி போவுது பாத்தியா. அணை போடாம, மலைய ஒடைக்காம, வர்ற தண்ணிய மண்ணு கரை போட்டு நிக்க வெச்சான் நம்ம ஆளு. வுழற தண்ணிய எவன் வேணா பாக்கலாம், சாமி வுடுது. நிக்கற தண்ணிக்கு ஆளு வேணும். மடை தொறக்க ஒருத்தன், கரை பாக்க ஒருத்தன், தூரு வார ஊரே. உத்திரமேரூர்க் கல்வெட்டுல ஏரி வாரியம்னு தனிக் குழுவே வெச்சு, குடவோலை போட்டு ஆளு எடுத்தாங்க. 1,100 வருஷம் ஆச்சு. இப்ப வாரியம்னா எங்களுக்குக் கரன்ட் பில்லுதான் ஞாபகம் வருது.

2021 நவம்பர்ல நீ இங்க இருந்திருக்கணும். பாலாத்துல லட்சம் கனஅடி தண்ணி வந்துச்சு. தண்ணி இல்லாத ஆறுன்னு பழமொழி சொன்னவனுங்க எல்லாம் பாலத்து மேல நின்னு செல்லுல படம் புடிச்சானுங்க. ஏரி நெறைஞ்சு கோடி போச்சு. கடைவாசல்ல தண்ணி வழியற சத்தம் ராத்திரியில இந்தத் திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. வயசானவங்க தூங்கல. சந்தோஷத்துல இல்ல, கரை தாங்குமான்னு. மறுநா காலையில கடைவாசலாண்ட மீனு கிலோ கணக்குல துள்ளுது, சின்னப் பசங்க வேட்டிய விரிச்சுப் புடிச்சானுங்க. நான் புடிக்கல, பாத்துகினு நின்னேன். ஒரு கெளுத்தி மட்டும் தானா வந்து கால்ல வுழுந்துச்சு. வுழுந்ததை வேணாம்னு சொல்றது மரியாதை இல்ல.

ஐப்பசி அடைமழை முடிஞ்சு கார்த்திகையில வாங்க. அப்ப ஜலகாம்பாறையில ஜலமும் இருக்கும், அமிர்தியில அருவியும் இருக்கும், ஏரியும் கோடி போவும். லிஸ்டைக் கிழிக்க வேணாம், மாசத்தை மட்டும் மாத்து. இன்னிக்கு மகேந்திரவாடி, சோளிங்கர், மேல்பாடி, வள்ளிமலை. அவ்ளோதான் போவும், ஒடம்பு தாங்கும்.

மேல்பாடி எழுதிக்கினியா? பேனா வேணுமா? செல்லுலயே எழுதிக்கினியா, சரி சரி. ஆமா, அங்க கோயில்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளித்தான் உங்க சித்தி வூடு. நல்லாத்தான் ஞாபகம் வெச்சிக்கற. இல்ல, அதுக்காக நான் மேல்பாடிய சொல்லல. அரிஞ்சய சோழனுக்காகச் சொன்னேன். ஆனா போறதுதான் போறீங்க, இந்த மல்லாட்டை மூட்டைய சித்திகிட்டக் குடுத்துடலாம், வெதைக்குக் கேட்டா, ரெண்டு மாசமா ஆளு கெடைக்கல. பஸ்ஸுல லக்கேஜு சார்ஜு கேக்கறான். டிக்கிய தொற. ஒரு மூட்டைதான். அதுவும் அரை மூட்டைதான். இன்னொண்ணு அரிசி.

கண்ணாடித் தம்பி, நீ கொஞ்சம் பின்னால போப்பா, முன் சீட்டு எனக்கு. முட்டி மடக்க முடியாது. சேவலு டிக்கியில போவாது, வெக்கை, மடியிலயே வெச்சிக்கறேன். கால்ல கயிறு கட்டிகீது, ஒண்ணும் பண்ணாது. அதுவும் உங்க சித்திக்குத்தான். டேய், அந்த ஏசிய கொஞ்சம் கொறச்சு வை. சேவலுக்குச் சளி புடிக்கும்.